ஸ்டேஷனிலேயே இருக்கட்டும் அந்தத் துப்பாக்கி

உங்களில் பலர் நன்றாகப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எந்த விண்ணப்பம் எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வீர்கள். அதைச் சொல்லித்தர நான் வேண்டாம், எனக்கு அதில் பொறுமையும் கிடையாது. நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. நம் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பது ஒன்றாக இருக்கும், எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி நின்று கேட்பது இன்னொன்றாக இருக்கும். பல நேரம் அந்த இரண்டாவதுக்காகத்தான் பஸ் ஏறி வந்திருப்பார்கள். அதனால் ஒருவர் எழுந்ததும் அவசரமாக அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். என்ன அவசரம்? டீ எப்படியும் ஆறித்தான் போயிருக்கும்.

நான் பட்டாளத்தில் சப்ளை டிப்போவில் இருந்தவன். துப்பாக்கியைப் பிடித்ததைவிடப் பருப்பு மூட்டையைப் பிடித்ததுதான் அதிகம். ஓய்வு பெற்று வந்து இங்கே நல அமைப்பாளராகச் சேர்ந்தேன். அன்னூர் வட்டாரம் என் பொறுப்பு. ஊர் ஊராகப் போய் பட்டாளத்துக் குடும்பங்களைப் பார்ப்பதும், அவர்களுக்கு என்ன குறை என்று மேலே சொல்வதும் வேலை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தேர்தல் முடிந்திருந்தது. வாக்கு எண்ணிக்கையும் முடிந்து, சுவரில் எழுதிய சின்னங்கள் மட்டும் அழியாமல் இருந்த சமயம். துளசியம்மாள் என்று ஒருவர் வந்தார். கோவில்பாளையத்துக்கும் அன்னூருக்கும் நடுவில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். கணவர் ரங்கசாமி ஹவில்தாராக ஓய்வு பெற்று, ஒரு நூல் மில்லில் சொந்தத் துப்பாக்கியோடு காவல் வேலை பார்த்தார். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரி உதவித்தொகைக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று துளசியம்மாள் கேட்டார். சொன்னேன். தலையாட்டினார், ஆனால் எதுவும் காதில் ஏறவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“சரிங்க, போயிட்டு வாரேனுங்க” என்று எழுந்தார். வாசலில் நின்றார். திரும்பினார்.

“ஏனுங்க, எலெக்சனுக்குன்னு போலீஸ் ஸ்டேஷன்ல வாங்கி வெச்சாங்கல்லங்க, எங்க ஊட்டுக்காரரு துப்பாக்கிய. அத அங்கயே வெச்சுக்கச் சொல்ல முடியுங்களா?”

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் முடிந்ததும் திருப்பித் தருவார்கள். எல்லாரும் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று கேட்டுத்தான் வருவார்கள். தர வேண்டாம் என்று கேட்டு வந்தவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவரை மறுபடி உட்கார வைத்தேன். பக்கத்து மேஜைக்காரரை வெளியே போகச் சொன்னேன்.

“எலெக்சனுக்கு முந்தி ஒரு நா, பொழுதோட ஆட்டைக் கட்டிப்போட்டு ஊட்டுக்குள்ள வந்தனுங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டு இருந்தாரு. துப்பாக்கி நெஞ்சுக்கு நேரா நின்னுட்டு இருந்துச்சு. என்னங்க பண்றீங்கன்னேன். தொடைக்கறேன்னாரு. பக்கத்துல எண்ணெயுமில்லீங்க, துணியுமில்லீங்க.”

அதற்குப் பிறகு கணவரைத் தனியாக விட்டுத் துளசியம்மாள் எங்கும் போகவில்லையாம். கல்யாணம், காது குத்து எதற்கும் போகவில்லை. ஊரார் கர்வம் என்றார்களாம். தேர்தல் வந்து துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது.

“நான் கண்ண மூடித் தூங்குனது அந்தக் கொஞ்ச நாள்தானுங்க. இப்ப வந்து எடுத்துட்டுப் போன்னு ஸ்டேஷன்ல சொல்லியுட்டுட்டாங்க. நாளைக்குக் காத்தால போறேன்னு இருக்கறாரு. மில்லுலயும் துப்பாக்கியோட வந்தாத்தான் வேலைன்னு சொல்லிப்போட்டாங்களாமா. நான் வந்து சொன்னது மட்டும் அவருக்குத் தெரியக் கூடாதுங்க. தெரிஞ்சா மனசு உட்டுப் போயிருவாரு.”

ரங்கசாமியை நான் அறிவேன். பார்க்கும்போதெல்லாம் ‘பருப்புப் பட்டாளம் வந்துருச்சுங்க’ என்று கேலி செய்கிற மனிதர். கடல் தாண்டி அமைதி காக்கப் போன படையில் இருந்தவர். அங்கே ஜனங்கள் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால், ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பேச இவரைத்தான் முன்னால் நிறுத்துவார்களாம். ஒருமுறை இதைச் சொன்னவர், அந்த அளவோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். நானும் மேலே கேட்கவில்லை.

எங்கள் அலுவலகத் தலைவர் ஓய்வு பெற்ற மேஜர். நல்லவர், ஆனால் டெலிபோன் அடித்தாலே முகம் சுளிப்பார். பட்டாளத்தில் இருந்தபோது போனில் வந்தது எல்லாமே கெட்ட சேதிதான் என்பார். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுல யோசிக்க என்ன இருக்கு? எஸ்.பி. ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொன்னா லைசென்ஸை நிறுத்தி வெச்சிடுவாங்க. முடிஞ்சது.”

“அதோட முடியாதுங்க சார். விசாரிக்கறதுக்குன்னு போலீஸ் ஊருக்குள்ள போவாங்க. பொழுது சாயறதுக்குள்ள, ரங்கசாமிக்கு மூளை சரியில்லைன்னு ஊரே பேசும். மில் வேலையும் போயிரும். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வரணும். இத்தனையும் தன்னாலன்னு நெனச்சாருன்னா, துப்பாக்கி இல்லாட்டி கெணறு இல்லீங்களா சார்?”

மேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நீ சொல்றது சரியா இருக்கலாம். தப்பா இருந்தா? அந்த அம்மா நம்மகிட்ட வந்து சொல்லிட்டாங்க. இனிமே எனக்குத் தெரியாதுன்னு நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது.”

கடைசியில் அவர் ஒரு கெடு வைத்தார். மறுநாள் சாயங்காலம்வரை என் வழியில் பார்க்கலாம். ஆனால் துப்பாக்கி அந்த வீட்டு வாசப்படியைத் தாண்டக் கூடாது. தாண்டும் என்று தெரிந்தால் அந்த நிமிஷமே அவர் போனை எடுப்பார். இதைச் சொல்லிவிட்டு, “எனக்கு இது பிடிக்கலை” என்றும் சொன்னார். எனக்கும்தான் பிடிக்கவில்லை.

மறுநாள் போத்தனூர் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். அன்னூரில் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு பேக்கரி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னேன். உட்கார்ந்த பிறகுதான் ஒவ்வொரு சந்தேகமாக வந்தது. நேற்றே வந்து வாங்கிப் போயிருந்தால்? துளசியம்மாள் வீடு திரும்பிய முகத்தைப் பார்த்தே அவர் கண்டுபிடித்திருந்தால்? ஸ்டேஷனில் போய்க் கேட்கலாம் என்று எழுந்தேன். போலீஸில் நாம் எதைக் கேட்டாலும் அவர்கள் நம்மைக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று உட்கார்ந்தேன். இப்படியே எழுந்தும் உட்கார்ந்தும் கொண்டிருந்த என்னைப் பேக்கரிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ரங்கசாமி பஸ்ஸிலிருந்து இறங்கினார். சலவைச் சட்டை, வழித்த முகம். அந்தச் சுத்தத்தைப் பார்த்து எனக்குப் பயம் கூடியது.

“பருப்புப் பட்டாளம் இந்தப் பக்கம் எங்கீங்க?”

“உங்களப் பாக்கத்தானுங்க வந்தேன். டீ குடிங்க.”

பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பேச ஆரம்பித்தேன். மழையைப் பற்றி, மகள் படிப்பைப் பற்றி, கேன்டீனில் சாமான் வராததைப் பற்றி. பேசப் பேச எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. பயந்தவன் வாய் மூடாது. நீங்களும் ஒருநாள் இப்படிப் பேசுவீர்கள், அப்போது நான் சொன்னதை நினைத்துக்கொண்டு வாயை மூடுங்கள்.

எதிரே ஸ்டேஷன் வராந்தாவிலிருந்து ரைட்டர், அதாவது எழுத்து வேலை பார்க்கிற ஏட்டு, கையைத் தட்டினார். “ஹவில்தாரே, வாங்க. கையெழுத்துப் போட்டுட்டு உங்க சாமான எடுத்துட்டுப் போங்க. ரூம்ல கால் வெக்க எடமில்ல.”

ரங்கசாமி கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். இனி எனக்கு நேரமில்லை. வாயில் வந்ததைக் கேட்டேன்.

“துப்பாக்கி இல்லாத இத்தனை நாளு எப்படித் தூங்குனீங்க?”

நின்றார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

“துளசி வந்து சொன்னாளுங்களா?”

பொய் சொல்லவும் கூடாது, அந்த அம்மாவைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. “யாரு சொல்லி வந்தேங்கறத உடுங்க. நான் உங்களத்தான் கேக்கறேன்” என்றேன்.

மெதுவாக உட்கார்ந்தார். ரைட்டருக்குக் கையைக் காட்டி ‘வாரேன்’ என்றார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நல்லாத் தூங்குனேனுங்க. பட்டாளத்துல டூட்டி முடிஞ்சா நேரா கோத்துக்குப் போவோம். துப்பாக்கியக் குடுத்துட்டுக் கையை வீசிட்டு வருவோம் பாருங்க, அப்பத்தான் ஒடம்பு நம்ம ஒடம்பு. கடல் தாண்டிப் போனப்ப கோத்து ஏதுங்க. தலைமாட்டுலயே வெச்சுட்டுப் படுத்தோம். ஊருக்கு வந்தும் அது தலைமாட்ட உட்டுப் போகல. ஊட்டுல கோத்து இல்லீங்களே.”

கோத்து என்பது படைப்பிரிவின் ஆயுத அறை. சிப்பாய் அங்கே துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டால் அன்றைய பொறுப்பு அவனைவிட்டு இறங்கிவிடும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், வீட்டில் அப்படி ஓர் இடம் இல்லாதது ஒரு மனிதரை என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை. மனைவி துப்பாக்கி போன நிம்மதியில் தூங்கியிருக்கிறார், கணவரும் அதே நிம்மதியில் தூங்கியிருக்கிறார். ஒரே கூரைக்குக் கீழே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத நினைப்பை நானே உண்டாக்கிவிடுவேனோ என்று பயந்தேன். அந்தப் பயம் வேண்டாம் என்று பின்னால் ஒரு டாக்டர் எனக்குச் சொன்னார். கேட்பதால் யாருக்கும் புதிதாக அந்த நினைப்பு வராது, கேட்க ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும் என்றார். அன்றைக்கு அது தெரியாது. ஆனாலும் கேட்டேன்.

“உங்கள நீங்களே எதாச்சும் பண்ணிக்கோணும்னு தோணுச்சுங்களா?”

ஒரு லாரி போனது. புழுதி அடங்கியது.

“தோணுச்சுங்க” என்றார்.

அழவில்லை. என் கண்தான் கலங்கியது. அதை மறைக்க இரண்டு பன் வாங்கினேன். அவர் ஒன்றைத் தின்றார். தின்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி ரைட்டரிடம் கேட்டுப் பார்த்தேன். “இதென்ன லாக்கருங்களா?” என்றார். கோயமுத்தூரில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடைகளில் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். ரங்கசாமியிடம் அதைச் சொன்னேன். எதையும் அவரிடமிருந்து பிடுங்குவதாகச் சொல்லவில்லை. “டவுன்ல ஒரு கோத்து இருக்குதுங்க, போலாமா?” என்று கேட்டேன். முதல்முறையாகச் சிரித்தார். கையெழுத்துப் போட்டு, கேன்வாஸ் உறையில் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தப் பஸ் பயணத்தை நான் மறக்கவே மாட்டேன். துப்பாக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது. ஜன்னலோரம் அவர். நடுவழியில் அவருடைய ஊர் ஸ்டாப் இருக்கிறது என்பது பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே இறங்கிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? அவருடைய துப்பாக்கி, அவருடைய லைசென்ஸ், அவருடைய வீடு. கையைப் பிடித்து நிறுத்த எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஸ்டாப் நெருங்க நெருங்க அவர் நிமிர்ந்தார். உறையின் வாரை எடுத்துத் தோளில் மாட்டினார். பஸ் நின்றது.

கண்டக்டர் அவரைத் தெரிந்தவர் போலிருக்கிறது. “எறங்கறதுங்களா?” என்று கேட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொன்னால் கெஞ்சலாகிவிடும், கெஞ்சினால் அவர் ரோஷப்படுவார். வாயைத் திறக்கவில்லை. வெளியே ஸ்டாப்பில் யாரோ ஒரு பெண் கோழிக்கூடையோடு ஏறினாள்.

“இல்லீங்க. காந்திபுரம் போகோணும்” என்றார் ரங்கசாமி.

விசில் அடித்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

காந்திபுரத்தில் ஒரு ரூபாய் போனில் மேஜரைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். “வீட்டுக்குப் போகலை சார், கடைக்குப் போறோம்” என்றேன். “போ. வெச்சுடு, சும்மா பேசிட்டு நிக்காதே” என்று அவரே வைத்துவிட்டார்.

துப்பாக்கிக் கடை டவுனின் பழைய பகுதியில் இருந்தது. நடத்தியவர் ஒரு ராவுத்தர், மூக்குக் கண்ணாடி, அளவான பேச்சு. ரங்கசாமி உறையைக் கழற்றினார். கடைக்குள் நின்ற விதமே மாறியது. குழலை மடக்கினார், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி இரண்டு குழலுக்குள்ளும் பார்த்தார். ராவுத்தருக்கும் காட்டினார். “காலி” என்றார். பரேடில் சொல்கிற குரல். துப்பாக்கியை இரண்டு கையாலும் கொடுத்தார். ராவுத்தரும் இரண்டு கையாலும் வாங்கினார்.

வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு காபி குடிக்கலாம், பிறகு மில்லுக்குப் போய்ப் பேசலாம் என்று மனசு அடுத்ததுக்குத் தாவிவிட்டது.

ராவுத்தர் எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டார். “தோட்டா எதுவும் இருக்குதுங்களா?”

துப்பாக்கியைக் கொடுத்த ரங்கசாமியின் கை இன்னும் மேஜை மேலேயே இருந்தது. பிறகு அந்தக் கை மெதுவாகச் சட்டைக்குள் போய், பனியன் பையிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தது. சிவப்புத் தோட்டா. அடிப்பக்கத்துப் பித்தளை விரல் பட்டுப் பட்டுப் பளபளவென்று தேய்ந்திருந்தது. கண்ணாடி மேஜையில் வைத்ததும் உருண்டது. ராவுத்தர் உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தினார்.

“எலெக்சனுக்குக் குடுக்கறப்ப இது ஒன்ன மட்டும் குடுக்கலீங்க. கூடவே வெச்சிருந்தேன்.”

அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். நல்லாத் தூங்கினேன் என்று அவர் சொன்னது பொய்யில்லை. இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறார். பேக்கரியில், பஸ்ஸில், என் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது. துப்பாக்கியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதைக் கேட்கத் தோன்றவே இல்லை.

“குடுத்தாச்சல்லங்க. அதோட உடுங்க” என்று ராவுத்தர் தோட்டாவை டிராயரில் போட்டுப் பூட்டினார். வேறெதுவும் கேட்கவில்லை. அந்த மனிதருக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன். ஒருவர் பெரிய பாரத்தை நம்மிடம் இறக்கி வைத்ததும் நமக்கு ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி நம்முடையது, அவருடையது அல்ல. அப்போதே எழுந்துவிடாதீர்கள். இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணமாகக் கேளுங்கள், ராவுத்தர் கேட்ட மாதிரி.

மற்றதெல்லாம் உங்களுக்கே கைவரும். மில் முதலாளியைப் பார்த்தேன். துப்பாக்கி இல்லாத காவல்காரரை வைத்து என்ன செய்வது என்று முதலில் சிடுசிடுத்தார். தூக்கம் கெட்டிருக்கிறது, வைத்தியம் பார்க்கிறோம் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் காலண்டரைப் பார்த்துவிட்டு, பகல் கேட்டில் போடச் சொல்லி மேனேஜரைக் கூப்பிட்டார். மனநல டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். இரண்டு பேரும் உள்ளே போனபோது டாக்டர் நான்தான் நோயாளி என்று நினைத்து என்னை உட்காரச் சொன்னார். என் முகம்தான் மோசமாக இருந்ததாம். ரங்கசாமி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார், சிரிக்கட்டும். தான் வைத்தியத்துக்குப் போன கதையை அவரே சிரித்துச் சொல்லும்போது ஊர் அதற்குமேல் என்ன பேசும்? தோட்டா விஷயத்தையும் ஒருநாள் துளசியம்மாளிடம் அவரே சொன்னாராம். துப்பாக்கியை அவர் திரும்ப எடுக்கவே இல்லை.

ஆனால் பயம் எனக்கு அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. அன்னூர் என்று யாராவது சொன்னாலே திடுக்கென்றிருக்கும். கல்லூரி திறந்த பிறகு ஒருநாள் துளசியம்மாள் மறுபடி வந்தார். மகளின் சான்றிதழ்களை எல்லாம் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ரங்கசாமி எப்படி இருக்கிறார் என்றேன். நல்லா இருக்கறாருங்க என்றார். “போயிட்டு வாரேனுங்க” என்று எழுந்தார்.

அடுத்தவரைக் கூப்பிடாமல் காத்திருந்தேன். வாசல்வரை போனார். நின்றார். திரும்பினார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

“ஏனுங்க” என்றார்.

“சொல்லுங்க அம்மணி.”

“இந்த ஸ்காலர்ஷிப்பு எப்பங்க வரும்?”

அடுத்த மாதம் வந்துவிடும் என்றேன். அவர் இன்னும் நிற்கிறாரா என்று பார்த்தேன். போய்விட்டிருந்தார். அன்றைக்கு அவர் கேட்க வந்தது அது மட்டும்தான்.